துறைதோறும் ஆய்வு: பல்கலைக் கழகங்கள் வளர்க்கும் முறைகளும் நம் கடமையும்

முன்னுரை

உயர்கல்வி என்பது கற்றல், கற்பித்தல், புதியன காணல் என்னும் மூன்று கூறுகளை உடையது. முன்னிரண்டும் முன்னோர் தேடி வைத்த அறிவைப் பெறுதலும் வழங்குதலும் ஆகும். மூன்றாவதாகிய ஆய்வே அவ்வறிவைப் பெருக்குவது. முன்னோர் வைத்த முதலைச் செலவு செய்துகொண்டே இருந்து, அதனைப் பெருக்க வழி காணாத குடும்பம் நாளடைவில் நலிவுறும். ஆய்வு செய்யாத பல்கலைக் கழகத்தின் நிலையும் அத்தகையதே.

ஆய்வு ஆர்வம் ஒன்றினால் மட்டும் வளர்ந்துவிடுவதில்லை. ஆய்வாளனுக்கு வாழ்க்கைச் செலவுக்குப் பொருள் வேண்டும், நூல்கள் வேண்டும், கருவிகள் வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாகக் கவலையற்ற காலம் வேண்டும். இவற்றை யார் தருவது? எல்லாத் துறைகளுக்கும் ஒரே வகையாகத் தருவதா, துறையின் இயல்புக்கேற்பத் தருவதா? இரண்டு துறைகளுக்கு இடையே கிடக்கும் சிக்கலை ஆராய்வோர்க்கு எத்துறை பொறுப்பேற்பது? இவ்வினாக்களுக்கு வரலாற்றின் துணைகொண்டும் இன்றைய நடைமுறைகளின் துணைகொண்டும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆய்வுப் பல்கலைக் கழகத்தின் தோற்றம்

பல்கலைக் கழகங்கள் தோன்றிய நாள்தொட்டே ஆய்வுக்கூடங்களாக விளங்கின எனக் கருதுவது பொருந்தாது. பழைய ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களின் முதன்மைப் பணி குருமார்களையும் வழக்கறிஞர்களையும் மருத்துவர்களையும் பயிற்றுவிப்பதாகவே இருந்தது. ஆசிரியர் ஒருவர் தாமே ஆய்வு செய்தவாறு மாணவர்க்கும் அவ்வழியைக் காட்ட வேண்டும் என்னும் கொள்கை, வில்கெல்ம் வான் ஹம்போல்ட் என்னும் செருமானிய அறிஞரின் முயற்சியால் 1810-இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக் கழகத்தில் உரம்பெற்றது. ஹம்போல்ட் மொழியியல் அறிஞர் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. ஆய்வுப் பல்கலைக் கழகம் என்னும் கருத்து அறிவியலார் மட்டும் ஈன்ற குழந்தையன்று. அதன் பிறப்பில் மொழியறிஞர்க்கும் பங்குண்டு.

அமெரிக்க நாட்டில் பால்டிமோர் நகரில் 1876-இல் தொடங்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் இக்கொள்கையைப் பின்பற்றியது. வணிகர் ஒருவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வமே அதற்கு முதல். அதன் முதல் தலைவர் கில்மன் கட்டடங்களைவிட அறிஞர்களையே முதன்மையாகக் கருதினார். தொடக்கக் காலத்திலேயே கணிதத்திற்கு சில்வெஸ்டர், வேதியியலுக்கு ரெம்சென், இயற்பியலுக்கு ரோலண்டு, கிரேக்க மொழிக்கு கில்டர்ஸ்லீவ் எனப் பேராசிரியர்கள் அமர்த்தப்பெற்றனர். இளம் ஆய்வாளர்க்கு உதவித்தொகையும் வழங்கப்பெற்றது. கிரேக்கமும் வேதியியலும் ஒரே வரிசையில் அமர்ந்தமை கருதத்தக்கது. எத்துறையாயினும் திறனுடையோர்க்கு இடம் என்பதே அதன் பொருள்.

2. நம் நாட்டில்

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் நிறுவப்பெற்றன. அவை முதலில் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இயங்கின. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் அவை நேரடியாகக் கற்பிக்கவும் ஆய்வை வளர்க்கவும் வழிவகுத்தது. இவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தியவர் கல்கத்தாப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி ஆவார்.

அரசு தரும் தொகை போதாமையால் அவர் வள்ளல்களை நாடினார். வழக்கறிஞர்களாகிய தாரக்நாத் பாலித் 1912-இலும் ராஷ் பிகாரி கோஷ் 1913-இலும் தம் செல்வத்தைப் பல்கலைக் கழகத்திற்கு வழங்கினர். அவற்றைக்கொண்டு 1914-இல் அறிவியல் கல்லூரி தொடங்கப்பெற்றது. பாலித் பெயரால் அமைந்த இயற்பியல் பேராசிரியப் பதவியை 1917-இல் ஏற்றவர் சர் சி. வி. இராமன். அரசின் கணக்குத் துறையில் உயர்பதவி வகித்தவர், அதனை விடுத்து ஆய்வுக்கு வந்தமைக்கு அவ்வறக்கட்டளை வாயிலாயிற்று. 1928-இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவு 1930-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. கொடை அளித்த பாலித் அதனைக் காணவில்லை. அவர் 1914-இலேயே மறைந்தார். ஆய்வுக்கு வழங்கும் கொடை, தான் வாழும் நாளில் பயன் எதிர்பார்க்காத கொடை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அறிவியலோடு அசுதோஷ் முகர்ஜி நின்றுவிடவில்லை. 1919-இல் அப்பல்கலைக் கழகம் இந்திய மொழிகளில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. சுனீதி குமார் சட்டர்ஜி வங்க மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி எழுதிய பெரும் ஆய்வுநூலை 1926-இல் அப்பல்கலைக் கழகமே அச்சிட்டது. ஆய்வை ஊக்குவித்தல் என்பது ஆய்வாளனுக்குப் பொருள் தருவதோடு முடிவதன்று; ஆய்வு முடிவை உலகிற்குக் கொணர்வதும் அதில் அடங்கும்.

3. தமிழ்ப் பேரகராதி கற்பிக்கும் பாடம்

கலைத்துறை ஆய்வுக்குப் பல்கலைக் கழகம் துணைநின்ற வகைக்கு நம் தமிழிலேயே ஒப்பற்ற எடுத்துக்காட்டு உண்டு. அது சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரகராதி ஆகும். 1913-இல் சாண்ட்லர் பாதிரியார் தலைமையில் இப்பணி தொடங்கியது. 1926 முதல் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து இதனை நிறைவேற்றினார். 1936-இல் ஆறு தொகுதிகளும், 1939-இல் பின்னிணைப்புத் தொகுதியும் நிறைவுபெற்றன. ஒரு இலட்சத்துப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட கருவூலம் அது.

தொடக்கத்தில் மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய். முடிவில் ஆன செலவோ நான்கு இலட்சத்தையும் கடந்தது. இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. 'குறித்த காலத்தில் முடியவில்லை. குறித்த தொகைக்குள் அடங்கவில்லை' எனக் காரணம் காட்டி இடையிலேயே நிறுத்தியிருப்பின், இன்று தமிழாய்வு செய்யும் ஒவ்வொருவரும் கைவிளக்கின்றி இருளில் நடப்பவராகவே இருந்திருப்பர். சொற்களைத் திரட்டும் பணிக்கு விலையுயர்ந்த பொறிகள் தேவைப்படவில்லை. அறிஞர்களின் ஊதியமும் நூல்களும் பொறுமையுமே தேவைப்பட்டன. அறிவியல் துறைகளுக்குப் பெரிதும் கருவி வேண்டும். கலைத் துறைகளுக்குப் பெரிதும் காலம் வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்து உதவுவதே நல்ல பல்கலைக் கழகத்தின் இலக்கணமாகும்.

4. ஊக்குவிக்கும் வழிகள்

இன்று பல்கலைக் கழகங்களும் அரசும் ஆய்வுக்குத் துணைநிற்கும் வழிகளை ஆறாகப் பகுத்துக் கூறலாம்.

முதலாவது, ஆளுக்குத் தரும் உதவித்தொகை. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெறுவோர்க்குப் பல்கலைக் கழக மானியக் குழு, 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த அளவின்படி, முதல் ஈராண்டுகளுக்குத் திங்கள்தோறும் 37,000 ரூபாயும், அடுத்த மூன்றாண்டுகளுக்கு 42,000 ரூபாயும் வழங்குகிறது. ஐந்தாண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஓர் ஆய்வாளர்க்கு 24 இலட்சம் ரூபாய் ஆகின்றது. வீட்டு வாடகைப்படியும் சில்லறைச் செலவுத் தொகையும் தனி. இதில் போற்றத்தக்க செய்தி ஒன்றுண்டு. இயற்பியல் ஆய்வாளர்க்கும் தமிழ் ஆய்வாளர்க்கும் திங்கள் தொகை ஒன்றே. இருவரின் உழைப்பும் சமம் என்னும் கொள்கை இங்கு ஏற்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, திட்டத்திற்குத் தரும் நிதி. ஓர் ஆசிரியரோ குழுவோ குறிப்பிட்ட ஆய்வுச் சிக்கலை வரையறுத்து, செலவும் காலமும் கணக்கிட்டு விண்ணப்பிப்பர். அத்துறை வல்லுநர் மதிப்பிட்ட பின்னர் நிதி வழங்கப்பெறும். அறிவியல் தொழில்நுட்பத் துறை, 1969-இல் தோன்றிய இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் குழு, 1972-இல் தோன்றிய இந்திய வரலாற்று ஆய்வுக் குழு முதலியன இவ்வகையில் உதவுவன.

மூன்றாவது, விதை நிதி. வெளியிலிருந்து பெருந்தொகை பெறுமுன், சிறிய அளவில் ஆய்வைத் தொடங்கிப் பார்ப்பதற்குப் பல்கலைக் கழகமோ கல்லூரியோ தன் சொந்த நிதியிலிருந்து தருவது இது. நாக் என வழங்கும் தேசியத் தரமதிப்பீட்டுக் குழு, ஆசிரியர்க்கு விதை நிதி தரப்படுகிறதா என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொண்டுள்ளது.

நான்காவது, கட்டமைப்பு. நூலகமும் ஆய்வகமும் இதில் அடங்கும். 1991-இல் தொடங்கிய இன்ஃபிளிப்நெட் அமைப்பு, நாட்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் யாவரும் படிக்குமாறு வைத்துள்ளது. என்-லிஸ்ட் என்னும் திட்டத்தின்வழிக் கல்லூரிகளுக்கு மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் வழங்குகிறது. தமிழாய்வுக்குக் கட்டமைப்பு எவ்வாறு அமையலாம் என்பதற்குச் சென்னையில் 1994-இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தக்க சான்று. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் திரட்டிய அரிய நூல்களைச் சிகாகோ பல்கலைக் கழகம் விலைகொடுத்து வாங்கியது. ஆயினும் அவற்றைக் கடல்கடந்து கொண்டுசெல்லாமல் தமிழகத்திலேயே வைத்துக் காக்க வழிசெய்தது.

ஐந்தாவது, காலம். கல்லூரி ஆசிரியர் ஒருவர் வகுப்புச் சுமையோடு ஆய்வு செய்வது எத்துணை அரிது என்பதை ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் மானியக் குழு நடத்திய ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம், ஆசிரியரை ஊதியத்துடன் ஆய்வுக்கு விடுவித்து, அவரிடத்தில் பணியாற்றும் மாற்றாசிரியரின் ஊதியத்தையும் ஏற்றது. நம் கல்லூரிகளில் பலர் முனைவர் பட்டம் பெற்றது இவ்வழியால்தான்.

ஆறாவது, இருக்கை. ஒரு துறைக்கென முதல் வைத்து, அம்முதலைத் தொடாமல் அதன் வருவாயால் ஒரு பேராசிரியரை என்றும் நிலைபெறச் செய்வது இது. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலட்சம் அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. உலகத் தமிழர் பலரும் தமிழக அரசும் தந்த கொடையால் 2018-இல் அத்தொகை நிறைந்தது. நம் மாநிலத்திலேயே மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கு இருக்கை அமைந்தது. இலங்கைப் பேரறிஞர் ம. மு. உவைஸ் அதனை ஏற்று, பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். ஓர் இருக்கை இருந்ததால் ஒரு துறையின் வரலாறே எழுதப்பட்டது எனின் மிகையாகாது.

5. நிதி ஓடும் திசை

வழிகள் இவ்வளவு இருப்பினும் நீர் எல்லா வயல்களுக்கும் ஒத்துப் பாய்கிறதா என்பதே வினா. நம் நாடு ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் 2020-21-இல் செலவிட்ட தொகை ஏறத்தாழ 1,27,381 கோடி ரூபாய். இது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காடு மட்டுமே. அத்தொகையிலும் உயர்கல்வித் துறையின் வழிச் செலவானது 8.8 விழுக்காடே. பெரும்பகுதி நடுவண் அரசின் அறிவியல் நிறுவனங்கள் வழியும் தனியார் தொழிலகங்கள் வழியும் செலவாயிற்று. ஆய்வாளர்களைப் பயிற்றி உருவாக்கும் பல்கலைக் கழகங்களுக்குக் கிட்டுவது பத்தில் ஒரு பங்கினும் குறைவு என்பது சிந்திக்கத்தக்கது.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் 2023-இல் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவது திட்டம். அதில் 14,000 கோடியை அரசு தரும் எனவும், எஞ்சிய 36,000 கோடியைத் தொழிலகங்களும் கொடையாளரும் போன்ற பிறரிடமிருந்து பெறுவது எனவும் கணக்கிடப்பட்டது. இயற்கை அறிவியல், பொறியியல், மருத்துவம், வேளாண்மை ஆகியன அச்சட்டத்தில் நேராக இடம்பெற்றுள்ளன. கலைத் துறைகளும் சமூக அறிவியலும் அறிவியல் தொழில்நுட்பத்தோடு தொடும் இடங்களில் மட்டும் இடம்பெற்றுள்ளன. தமிழ்த் துறையினர் இதனைக் குறையென்று கருதி ஒதுங்கலாம். அன்றித் தொடும் இடங்கள் எவை எனத் தேடிச் சென்று உரிமை கேட்கலாம். இரண்டாவதே அறிவுடைமை.

ஆய்வை அளக்கும் கோலிலும் ஒரு குறையுண்டு. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசை, ஆய்வு வெளியீடுகளைப் பன்னாட்டு நிறுவனங்கள் தொகுக்கும் ஆய்விதழ்த் தரவுத் தொகுப்புகளைக் கொண்டே பெரிதும் கணக்கிடுகிறது. தமிழில் வெளிவரும் ஆய்விதழ்கள் அத்தொகுப்புகளில் இடம்பெறுவது அரிது. அரிய ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்த பேராசிரியரின் பத்தாண்டு உழைப்பு அக்கணக்கில் சுழியமாகவே நிற்கக்கூடும். எண்ணப்படாத உழைப்பு நாளடைவில் பேணப்படாத உழைப்பாகும். முழக்கோல் கொண்டு பாலை அளக்க முற்பட்டால் பால் இல்லையென்றுதான் முடிவு வரும். பாலுக்குப் படியே அளவை. நூல்கள், பதிப்புகள், அகராதிகள் ஆகியவற்றையும் மதிப்பிடும் அளவைகளைப் பல்கலைக் கழகங்கள் ஏற்கச் செய்வது தமிழறிஞர் கடனாகும்.

6. துறைகளை இணைக்கும் ஆய்வு

பல்கலைக் கழகத்தில் துறைகளுக்கு இடையே சுவர் உண்டு. அறிவுச் சிக்கல்களுக்கு அச்சுவர் இல்லை. இதற்குக் கீழடி அகழாய்வு ஒளிமிக்க சான்றாகும். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வின் அறிக்கை 2019-இல் வெளிவந்தது. மண்ணிலிருந்து எடுத்த பானையோடுகளில் தமிழி எழுத்துகள் இருந்தன. அவற்றைப் படிக்க எழுத்தியல் அறிஞரும் தமிழறிஞரும் தேவைப்பட்டனர். கரிமப் பொருளின் காலத்தை அமெரிக்காவின் மியாமி நகர ஆய்வகம் கணித்தது; ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 எனத் தெரிந்தது. விலங்கெலும்புகளைப் புனே நகரின் தக்காணக் கல்லூரி ஆராய்ந்தது. பானையோடுகளின் கனிமக் கூறுகளை இத்தாலியின் பைசா பல்கலைக் கழகமும் வேலூர் தொழில்நுட்பக் கழகமும் ஆராய்ந்தன. அருகிலுள்ள கொந்தகையில் கிடைத்த மனித எலும்புகளில் மரபணுக் கூறுகளைத் தேடும் பணியில் மதுரை காமராசர் பல்கலைக் கழக உயிரியல் அறிஞர் ஈடுபட்டனர். அங்குக் கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு முகத்தோற்றத்தை மீட்டுருவாக்கும் பணியில் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக் கழகமும் துணைநின்றது.

இவருள் எவர் ஒருவர் தனித்து நின்றிருப்பினும் கீழடி வாய்திறந்திராது. தமிழாசிரியர் எழுத்தைப் படிப்பார். காலத்தைக் கணிக்க இயலாது. இயற்பியலார் காலத்தைக் கணிப்பார். எழுத்தைப் படிக்க இயலாது. இருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவது நிதி தருவோரின் பொறுப்பு. இணைப்பாய்வு விண்ணப்பங்கள் பல இடங்களில் தோல்வியுறுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் வல்லுநர் குழு 'இது வேதியியல்' என்று ஒதுக்கும். வேதியியல் குழு 'இது தமிழ்' என்று ஒதுக்கும். எனவே இணைப்பாய்வுக்குத் தனி ஒதுக்கீடும், இரு துறையாரும் அமர்ந்த மதிப்பீட்டுக் குழுவும் இருத்தல் இன்றியமையாதது. அறிவியல் திட்டங்களோடு நிறுவனத்திற்கென வரும் மேற்செலவுத் தொகையில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கினால், புதிய வரி எதுவும் இன்றியே பல்கலைக் கழகம் இதனைத் தொடங்கலாம்.

இத்தகைய ஆய்வுக்குப் பொருள் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்களும் கையெழுத்துப் படிகளும் நம்மிடையே உண்டு. அவற்றைப் படிக்கத் தமிழும் அரபும் தெரிந்தோர் வேண்டும்; காலப் பின்னணியை உரைக்க வரலாற்றாசிரியர் வேண்டும்; சிதையும் தாளைக் காக்க வேதியியல் அறிவு வேண்டும்; படியெடுத்துத் தொகுக்கக் கணினித் துறையார் வேண்டும். இந்நால்வரும் ஒரே வளாகத்தில் இருக்கும் கல்லூரிகளுக்கு இது கைக்கெட்டும் கனியன்றோ?

7. மாணவர்க்குச் சில சொற்கள்

முதுகலை முடித்த மாணவ மாணவியர் பலர் திறனிருந்தும் ஆய்வுக்கு வாராமைக்குக் காரணம் வறுமை மட்டுமன்று; வழி அறியாமையும் ஆகும். அண்மை ஆண்டுகளில் நேர்ந்த சில மாற்றங்களை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

முன்னர்க் கல்லூரித் தமிழ்த் துறைகளில் ஆய்வின் முதற்படியாக விளங்கிய எம்.ஃபில். பட்டப்படிப்பை மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகள் நீக்கிவிட்டன. எனவே முதுகலைத் திட்டக் கட்டுரையையே ஆய்வுப் பயிற்சியாகக் கருதி முயன்று எழுத வேண்டும். சிறுபான்மையினரான ஆறு சமயத்தார்க்கென 2009-10 முதல் வழங்கப்பெற்ற மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்துவதாக நடுவண் அரசு 2022 டிசம்பரில் அறிவித்தது. பிற உதவித் திட்டங்களோடு இது மேற்படிகிறது என்பது அரசு கூறிய காரணம். 1953-இல் மானியக் குழுவைத் தொடங்கிவைத்த கல்வி அமைச்சரின் பெயர் தாங்கிய அத்திட்டம், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர்க்கு ஊன்றுகோலாக இருந்தது. அதன் இழப்பு சிறிதன்று. ஆயினும் இழந்ததை எண்ணி இருப்பதைக் கைவிடுதல் கூடாது.

இளநிலை ஆய்வாளர் தகுதித் தேர்வில் தமிழ் ஒரு பாடமாக உள்ளது. ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் இத்தேர்வு அனைவர்க்கும் பொது. பொது வயது வரம்பு முப்பது. மகளிர்க்கும், வளமான பிரிவில் அடங்காத பிற்படுத்தப்பட்டோர்க்கும், பட்டியல் இனத்தார்க்கும், மாற்றுத்திறனாளர்க்கும் ஐந்தாண்டு வரை தளர்வு உண்டு. முதுகலை முதலாண்டிலேயே இதற்கு ஆயத்தமாகத் தொடங்குதல் வேண்டும்.

ஆய்வுக்கு விண்ணப்பிப்போர் ஐந்து வினாக்களுக்கு விடை வைத்திருத்தல் வேண்டும். நான் விடை காண விழையும் சிக்கல் யாது? எனக்கு முன் அதனை ஆராய்ந்தோர் எவர், அவர்கள் விட்ட இடம் எது? எம்முறையில் ஆராய்வேன்? எவ்வளவு காலமாகும்? எவ்வளவு செலவாகும்? 'சங்க இலக்கியத்தில் இயற்கை' என்று அகலமாக எழுதும் விண்ணப்பத்தைவிட, ஒரு வட்டாரத்து மீனவர் வழங்கும் காற்றுப் பெயர்களைத் திரட்டி ஒப்பிடுவேன் என்னும் விண்ணப்பம் மதிப்பீட்டாளரின் நெஞ்சைத் தொடும். சோத்கங்காவில் முந்தைய ஆய்வேடுகளைப் பார்த்துவிட்டுத் தலைப்பைத் தெரிவு செய்தால், செய்ததையே செய்யும் வீண்முயற்சி நேராது. பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டுவோர்க்கு 2018-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தண்டனை வகுத்துள்ளன என்பதையும் மறத்தல் ஆகாது. பணம் பெற்று எதனையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களை நாடுவோர், பொருளோடு பெயரையும் இழப்பர்.

8. பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

கல்விக்கென வாரி வழங்கும் மரபு நம் பெரியோர்க்குப் புதிதன்று. கட்டடங்களும் விடுதிகளும் அவர்தம் கொடைக்குச் சான்றாக நிற்கின்றன. அவை வேண்டியனவே. அவற்றோடு ஆய்வாளர்க்கும் ஒரு பங்கு ஒதுக்குமாறு வேண்டுவது இக்கட்டுரையின் தலையாய கருத்தாகும்.

அரசு ஓர் ஆய்வாளர்க்கு ஐந்தாண்டுகளில் 24 இலட்சம் செலவிடுகிறது எனக் கண்டோம். அத்தொகை முழுவதையும் ஒரு கல்லூரி தர வேண்டுவதில்லை. அரசு உதவி கிட்டும்வரை ஓராண்டுக் காலம் தாங்கும் சிறு உதவித்தொகை, சுவடி தேடிச் செல்லும் பயணச் செலவு, படியெடுக்கும் செலவு, நல்ல ஆய்வேட்டை நூலாக்கும் அச்சுச் செலவு, தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு ஆகியவற்றை ஏற்றாலே போதும். கலைத் துறை ஆய்வு பெருந்தொகை கேளாதது. சிறுதொகை கிடைக்காமையால் நின்றுபோவது.

மூலத்தை நிறுத்தி, அதன் விளைவை மட்டும் அறத்திற்குப் பயன்படுத்தும் வக்ஃபு முறை நாம் வழிவழியாக அறிந்ததே. ஹார்வர்டு இருக்கையின் அடிப்படையும் அதுவே. ஒரு கடையின் வாடகையை, ஒரு தோப்பின் வருவாயை ஆய்வுக்கென எழுதிவைத்தால், அது தலைமுறைதோறும் ஓர் அறிஞரை ஈன்றுகொண்டேயிருக்கும். அவ்வறக்கட்டளையின் பயனைப் பெறுவோரைப் பரிந்துரையாலன்றித் தகுதியறிந்து தேர்ந்தெடுக்க, வெளிக் கல்லூரி அறிஞர் இருவரேனும் அமர்ந்த குழுவை அமைத்தல் நலம். பெண்கள் மிகுதியாக முதுகலை பயிலும் இந்நாளில், திருமணத்திற்குப் பின்னும் அவர்கள் ஆய்வைத் தொடர இல்லத்துப் பெரியோர் இசைவதும் பொருட்கொடைக்கு ஒப்பான கொடையே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பல்கலைக் கழகம் ஆய்வுக்குப் பொருள் மட்டுமன்றிக் காலமும் நூலும் வெளியீட்டு வாய்ப்பும் தருதல் வேண்டும். எல்லாத் துறைகளையும் ஒன்றாக மதித்தல் வேண்டும். ஆனால் ஒன்றுபோல் நடத்துதல் ஆகாது. துறைகளுக்கிடையே உள்ள வரப்பில் மடை திறத்தல் வேண்டும். கேட்கும் துறைக்கே நிதி வரும். ஆதலின் தமிழ்த் துறையினர் தெளிவாகக் கேட்கப் பழகுதல் வேண்டும். அரசின் கை சுருங்கும் இடத்தில் சமுதாயத்தின் கை நீளுதல் வேண்டும்.

பாலித் வைத்த முதலால் இராமன் கிடைத்தார். பொறுமை காத்த பல்கலைக் கழகத்தால் பேரகராதி கிடைத்தது. ஓர் இருக்கையால் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கு வரலாறு கிடைத்தது. நம் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருள் நாளைய அறிஞர் எவரென நாம் அறியோம். அறியாமையாலேயே எவரையும் வழியில் விட்டுவிடாது காப்பது ஆசிரியர்க்கும் கல்லூரிக்கும் சமுதாயத்திற்கும் பொதுக்கடனாகும்.